நம் வீட்டுத் தரைக்கு நான் பார்த்த கல்

ஏனுங்க மாமா,

போன இடத்தில் உங்களுக்கு அந்த இடுப்பு வலி இருக்காது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். உங்களோடு சேர்த்து வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். நம் வீட்டில் இருந்து கேட்க ஆள் இல்லை.

வீட்டுக்குத் தரை போட்டாயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட்டும் போட்டு, பூச்சு வேலை முடிந்தபோது நீங்கள் வடக்கே எங்கேயோ ரிக் வண்டியோடு போய், தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "தரை மட்டும் நிக்கட்டும் பாவாயி. மழைக்கு ரிக் வண்டி ஊருக்கு வாரப்ப, நானே வந்து கல்லுப் பாக்கறேன்" என்று போனில் சொன்னீர்கள். மழை வந்தது, வண்டியும் வந்தது. உங்களை அதற்கு முன்னமே ஆம்புலன்சில் கொண்டுவந்துவிட்டார்கள். போர் போட்ட இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாமே. தண்ணீராவது குடித்தீர்களா?

வருசம் திரும்பும்வரை அந்த வெறும் தரையில்தான் இருந்தேன். கூட்டக் கூட்டப் புழுதி.

போன மாதம் நம் செல்வி பள்ளிபாளையத்திலிருந்து வந்தாள். "அம்மா, நீ எங்கூட்டுக்கே வந்துரு. இதுக்குச் சும்மா செராமிக் டைல்ஸ் போட்டு வாடகைக்கு உட்டறலாம். குடியிருக்கறவங்க குழவியப் போட்டு ஒடச்சாக்கூட மனசு வலிக்காது" என்றாள்.

"நானே இருந்தா?"

"இருக்கறதா இருந்தா போர்சிலின் போட்டுக்க. காலத்துக்கும் கெடக்கும். ஆனா நீ ஒண்டியா இங்க இருந்து என்னத்தப் பண்ணுவ?"

கல் எது என்று முடிவு பண்ணினால் நான் எங்கே இருப்பேன் என்பதும் முடிவாகிவிடும். இதை உங்களிடம் கேட்காமல் நான் எப்படி முடிவு பண்ணுவது?

அவள் வீட்டில் பத்து நாள் இருந்துதான் பார்த்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். நேரத்துக்குத் தட்டு வந்தது. ஒரு வேலையும் செய்ய விடவில்லை. இரண்டு பக்கமும் தறி ஓடும் சத்தத்தில் பேசினாலும் கேட்காது, அழுதாலும் கேட்காது. என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் நானே பஸ் ஏறிச் சேலம் போனேன். ஃபேர்லேண்ட்சில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. செருப்பை வெளியே விடுவதா போட்டுக்கொண்டே போவதா என்று தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு கல்லை முன்னால் வைத்தார். இரண்டும் பால் வெள்ளை, சாம்பல் கோடு.

"பாக்க ரெண்டும் ஒண்ணுதானுங்கம்மா. இது செராமிக், அது போர்சிலின்."

பக்கத்தில் உடைந்த துண்டுகள் கிடந்தன. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, உடைந்த ஓரத்தை நாக்கில் வைத்தேன். போர் போடும்போது மேலே வருகிற கல்லை நீங்கள் அப்படித்தானே பார்ப்பீர்கள்? நாக்கில் ஒட்டினால் அது தண்ணீர் இழுக்கிற கல் என்று கல்யாணமான புதிதில் என் நாக்கிலும் வைத்துக் காட்டினீர்களே. செராமிக் பச்சென்று ஒட்டிக்கொண்டது. போர்சிலின் ஒட்டவே இல்லை.

கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏனுங்கம்மா, டீ சொல்லட்டுங்களா, தொட்டுக்கறதுக்கு?"

"தண்ணி இழுக்குதான்னு பாத்தனுங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அதேதானுங்க விசயம். இத்தன வருசமா விக்கறனுங்க, நாக்குல வெச்சுப் பாத்த ஆளு நீங்கதான். போர்சிலின் நல்லா வெந்த கல்லுங்க. ஈரம் எறங்காது, சீக்கிரம் தேயாது. செராமிக் செவுத்துக்கு நல்லாருக்கும். தரைக்கும் போடலாம், ஆனா நடமாட்டம் அதிகம்னா தாங்காது" என்று சொல்லிவிட்டு, "ஊட்ல எத்தன பேருங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதில்லை மாமா. ஊரில் எல்லாருக்கும் தெரியும், எதற்குக் கேட்கப் போகிறார்கள்? வாயைத் திறந்து, "ஒருத்திதானுங்க" என்றேன்.

"அப்ப எதுக்குங்கம்மா செலவு? ஒருத்தர் நடக்கறதுக்குச் செராமிக்கே போதுமுங்களே" என்றார். வியாபாரம் பார்க்காமல் நல்ல மனதோடுதான் சொன்னார். அவர்மேல் குற்றம் இல்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கை தானாக போனை எடுத்து உங்கள் நம்பர் வரைக்கும் போய்விட்டது. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒருத்தி என்றால் எனக்கு இருக்கிறதில் லேசான கல் போதுமா? ஒருத்தி இருந்தால் அது வீடு இல்லையா? நீங்கள் வடக்கே வெயிலில் கிடந்து கட்டினது யாரோ குடியிருக்கவா? கொஞ்ச நேரம் உங்கள்மேல்கூடக் கோபம் வந்தது. தரையை நிற்கட்டும் என்று ஏன் சொன்னீர்கள்?

மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். "தரைக்குப் பூராவும் போர்சிலின் குடுங்க. சமையக்கட்டுச் செவுத்துக்கு மட்டும் செராமிக் போதும். நாந்தான் குடியிருக்கப் போறேன்" என்றேன்.

கல் வந்து இறங்கிய அன்று ஒரு கூத்து நடந்தது. மறுநாள் மேஸ்திரி வருவதற்குள் வேலை ஆகட்டும் என்று, எல்லா வீட்டிலும் பார்த்தபடி தொட்டியில் தண்ணீர் நிரப்பி, போர்சிலினை ஒவ்வொன்றாகத் தூக்கி ஊறப்போட்டேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. காலையில் மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்னங்கக்கா, இதுகளக் குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க? செராமிக்தானுங்க ஊறப்போடறது. இது ஒரு சொட்டுக் குடிக்காதே! இனி தொடச்சுக் காயவெச்சு, பசை போட்டுத்தான் ஒட்டோணும்."

என் நாக்கில் நானே வைத்துப் பார்த்த கல். நாக்குக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. உங்கள் விசயத்திலும் அப்படித்தான் ஆகிறது. நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு, நீங்கள் கூப்பிடுகிற நேரத்துக்கு, சார்ஜ் போட்ட போனோடு வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

செல்விக்குத்தான் வருத்தம். "எங்கூட்ல இருக்கறது உனக்கு அவ்வளவு பாரமாம்மா?" என்று போனில் கேட்டாள். "பாரமில்ல சாமி. அங்க நான் உங்கம்மா மட்டுந்தான். இங்க இருந்தாத்தான் உங்கப்பனுக்கு நான் யாருன்னு எனக்கு நெனப்பிருக்கும்" என்றேன். போனை வைத்துவிட்டாள். அழுதாளா, கோபித்துக்கொண்டாளா, தெரியவில்லை. நான் செய்தது சரிதானா மாமா?

நேற்று வேலை முடிந்தது. மேஸ்திரி கணக்காகக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயும் அடியில் பசை பிடிக்காத பொத்தல் சத்தம் இல்லை என்று சொல்லிப் போனார். அப்புறம் வீட்டில் நான்தான். நடந்தால் என் கால் சத்தம் எனக்கே கேட்கிறது. நீங்கள் இருந்தபோதும் வருசத்தில் பத்து மாதம் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அப்போது, மழை வந்தால் நீங்கள் வருவீர்கள் என்று நாளை ஓட்டினேன். இனிமேல் மழை வந்தால் மழை மட்டும்தான் வரும்.

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டைப் பூட்டிப்போட மாட்டேன். செல்வி கூப்பிட்டால் போவேன், நாலு நாள் இருப்பேன். அஞ்சாம் நாள் வந்து கதவைத் திறந்து, கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, ஒருத்திக்கு உலை வைப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி,
பாவாயி