ஒட்டிப் பறக்கத் தெரியாதவன்

என் வாயாடிக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. பயணிகள் விமானம் ஓட்டியவன் என்று முதலில் விமானப்படையில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இப்போது ஜோடியாகப் பறக்கும் பயிற்சி. முன்னால் போகும் விமானத்தின் இறக்கையை ஒட்டியே நான் பறக்க வேண்டும். பழைய வேலையில் இன்னொரு விமானம் கண்ணில் பட்டாலே விலகு என்றுதானே பழக்கினார்கள்? நெருங்கியதும் என் கை தானாகவே விமானத்தை விலக்கிவிடுகிறது. பின்சீட்டிலிருந்து வாத்தியார் கத்துகிறார்: "ஏம்ப்பா, அது என்ன உன்னைக் கடிக்கவா போகுது? முதல்ல பழசை மற!" இதற்கு முன் விமானத்தைத் தொட்டே பார்க்காத பையன்கள் அழகாக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

உன்னிடம் என்ன மறைப்பது? சிரிப்பு வரவில்லை. மாதக் கடைசியில் எனக்குக் கடைசி வாய்ப்பு. அன்றும் விலகினால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். பழைய வேலையையும் விட்டுவிட்டு வந்தேனே! சோற்றில் கை வைத்தாலும் அந்த இறக்கைதான் தெரிகிறது.

இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. கூடவே நம் கல்யாணப் படம் ஒன்று. "ஒட்டி நில்லுங்க சார்" என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல நான் தள்ளித் தள்ளிப் போனேனே, அது வேண்டாம். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு எடுத்தது.

விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன். அம்மாவிடம் மூச்சு விடாதே. படத்தைச் சீக்கிரம் அனுப்பு. இங்கே என்னைப் பிடித்து இழுக்க ஆளில்லை.

உன்னவன்