இளவரசனின் மாமனார்

மார்ச் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டின் நடுவில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும், ஒரே மூச்சில். எமில் பனிமலைகளை ஆராய்கிற மாணவன் மட்டும் இல்லை, வெல்மாரா என்ற சின்ன நாட்டு அரசரின் இரண்டாவது மகன். என்னைக் கலியாணம் கேட்டிருக்கிறான். நானும் ஓம் என்றுவிட்டேன்.

அவர்களுக்கு இதுவரை அவன், என் முதலுதவி வகுப்பில் கட்டுப்போடப் பழகவந்த பொடியன்.

"உண்மையான அரசனோ?" என்று அம்மா கேட்டா.

"அதிகாரம் ஒண்டும் இல்லை அம்மா. ஆஸ்பத்திரி திறப்பினம், வெளிநாடு போய்க் கை குலுக்குவினம்."

அப்பா கையில் பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே வைத்துவிட்டார். "போன கிழமை அவனையோ நான் கோப்பை கழுவ விட்டனான்?"

படுக்கப் பிடிக்கவில்லை. தனியே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

ஏப்ரல் ஐந்தாம் திகதி அரண்மனை அறிவிக்கும். அதுவரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது. அம்மா பாவம். இன்று சூரிச்சில் எங்கள் ஓர்லிகோன் பகுதித் தமிழ்க் கடையில் தில்லைநாயகி அன்ரி பிடித்துக்கொண்டாவாம். "புனிதம், உன்ரை தர்மிகாவுக்கு ஒரு நல்ல இடம். பெடியன் பேர்ணில, வங்கியில வேலை."

அம்மா வெண்டிக்காயை முறித்துப் பார்த்தபடியே, "எத்தினை சகோதரம்?" என்று கேட்டிருக்கிறா. வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தா.

மார்ச் 20, வியாழன்

அரண்மனைச் செயலாளரோடு வீடியோ அழைப்பு. அறிவிப்பு நடக்கும் சூரிச் ஏரிக்கரை விடுதித் தோட்டம், பத்திரிகையாளர்கள், நான் உடுக்கவேண்டிய நிறம் - எல்லாம் கனவு மாதிரி. பிறகு அவர் சொன்னார்: "உங்கள் தந்தையை உணவகத் தொழிலதிபர் என்று குறிப்பிடலாம் என்று நினைக்கிறோம்."

அப்பா அகதியாக வந்தவர், இன்னொருவருடைய உணவகத்தில் இன்றைக்கும் சமையல்காரர் என்றேன்.

"பொய் இல்லை, கொஞ்சம் மெருகு. அவர் வர விரும்பாவிட்டாலும் எங்களுக்குப் புரியும்."

நல்ல மனிதர்தான், கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்பா தேத்தண்ணியோடு எனக்குப் பின்னால் நின்றார். அவருக்கு ஜெர்மன் என்னைப்போலவே விளங்கும். கப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 21, வெள்ளி

அப்பா வரமாட்டாராம். "நான் வந்தா உனக்குத்தான் மரியாதைக்குறைவு" எண்டுறார். என்ன கதை இது? அப்ப நான் யாற்றை பிள்ளை?

மார்ச் 30, ஞாயிறு

செயலாளருக்கு நானே அழைப்பு எடுத்தேன். "சமையல்காரர் குகநாதனின் மகள் என்று சொல்லமுடியாது என்றால், அறிவிப்பைத் தள்ளிவையுங்கள்." குரல் நடுங்கவில்லை. பிரசவ வார்டு வேலையில் பழகினது அது. பின்னேரம் எமிலின் அம்மாவே கூப்பிட்டா - அரசி. "அப்படியே இருக்கட்டும்" என்றா. அவ்வளவுதான்.

ஆனால் அப்பாவின் மனம் மாறவில்லை. எமில் வந்தான், அவரோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வெளியே வரும்போது அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. அப்பா அம்மாவிடம், "எனக்கொரு கோட் வாங்கவேணும்" என்றார்.

ஏப்ரல் 5, சனி

எப்படி எழுதுவது?

கமராக்கள், கமராக்கள். நான் மனப்பாடம் செய்ததில் பாதியை மறந்துவிட்டேன். எமில் என் விரலைப் பிடித்திருந்தான். பிறகு ஒரு நிருபர் அப்பாவின் பக்கம் திரும்பி, விளங்காதவருக்குச் சொல்வதுபோல, ஏட்டு ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மகள் இளவரசியாவது பெருமையா என்று கேட்டார்.

அப்பா உணவகக் குசினியில் பேசுகிற அதே சூரிச் ஜெர்மன் பேச்சுமொழியில் சொன்னார்: "அவள் பிள்ளைப்பேறு பாக்கிறவள். பெருமை அப்பவே வந்திட்டுது. இது மேலதிகம்."

நிருபரும் சட்டென்று பேச்சுமொழிக்கு மாறினார். "மருமகனைச் சோதித்துப் பார்த்தீர்களா?"

"ஓம். வெங்காயம் வெட்ட விட்டனான்."

"எப்படி வெட்டினார்?"

"சரியான மெதுவு. அழுதுகொண்டே வெட்டினவர். ஆனா முடியும் மட்டும் எழும்பிப் போகேல்லை."

தோட்டமே சிரித்தது. அரசர் சிரித்துச் சிரித்து அரசியின் தோளில் கை ஊன்றினார். செயலாளரைப் பார்த்தேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லாப் பத்திரிகையிலும் அப்பா. நான் ஓரத்தில், பாதி முகம். இதைவிடச் சந்தோசமாய் ஒருநாளும் இருந்ததில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கலியாணம் முடிந்து ஒரு மாதம். எமிலின் ஆராய்ச்சி முடியும்வரை சூரிச்சில் இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். கிழமையில் இரண்டு நாள் எனக்கு வார்டும் இருக்கிறது. இந்த மாதம் எனக்கு அரண்மனை நிகழ்ச்சி ஒன்றுதான்.

அப்பாவுக்கு இரண்டு. அதில் ஒன்று வெல்மாராவில் ஒரு சமையல் கல்லூரி, அதன் புதுக் குசினியை அவர்தான் திறக்கவேண்டுமாம். செயலாளர் என்னைக் கேட்கவில்லை, நேரே அப்பாவுக்கே அழைப்பு எடுத்தார்.

இன்று ஓர்லிகோன் வீட்டுக்குப் போனபோது அப்பா மெல்ல என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, ஆக்கள் கை தட்டேக்கை நான் என்ன செய்யிறது?"

"சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ அப்பா."

"எவ்வளவு நேரம்?"

"அவையள் நிப்பாட்டும் மட்டும்."

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பழகினார். அம்மா வாசலில் நின்று கை தட்டினா. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அம்மா நிப்பாட்டவில்லை.