டீச்சர் வீட்டுக் கூட்டாஞ்சோறு

2-2-83, புதன்

மதியம் பள்ளிக்கூடத்தில் தூக்குச்சட்டியைத் திறந்ததுதான் தாமதம், நான்கு டீச்சர்கள் தட்டும் கையுமாக வந்துவிட்டார்கள். கூட்டாஞ்சோறு என்றால் அப்படித்தான். எனக்கு மிஞ்சியது அடியில் ஒட்டிக்கிடந்த இரண்டு கவளம். அப்படியும் சந்தோஷம்தான்.

எப்படிச் செய்வது என்று ஒருத்தி கேட்டாள். அரிசியும் துவரம்பருப்பும் வேகும்போதே கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய் எல்லாம் நறுக்கிப் போடு. தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்று. புளி கரைத்து விடு. இறக்கும்போது ஒரு பிடி முருங்கைக்கீரை. எல்லாம் சொன்னேன். மாங்காய் வத்தலை மட்டும் சொல்லவில்லை. நான் புளியைப் பாதியாகக் குறைத்து, மாங்காய் வத்தலை ஊறவைத்துத் தேங்காயோடு சேர்த்து அரைத்துவிடுவேன். பார்த்தால் தெரியாது, தின்றால் தெரியும்.

இருபது வருஷமாக யாருக்கும் அதைச் சொன்னதில்லை. அதையும் சொல்லிவிட்டால் என் சட்டியைத் தேடி யார் வருவார்கள்?

6-2-83, ஞாயிறு

மகள் உலகம்மைக்கு இடம் முடிந்தது! மாப்பிள்ளை செல்லப்பா, கூட்டுறவு பாங்கியில் வேலை. வாசுதேவநல்லூரில் சொந்த வீடு. நல்ல மனிதர்கள். போன இடத்திலேயே பேச்சு முடிந்து வெற்றிலைபாக்கும் மாற்றியாயிற்று.

இதோடு நிறுத்திக்கொண்டால் இன்றைக்கு என்னைவிடக் கொடுத்துவைத்தவள் இல்லை.

பேசி முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. முடிந்த பிறகு கை நனைக்காமல் வரவும் கூடாது. இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆறுமுகத்தாய் அவர்களே பரிமாறினார்கள். பார்த்தால், கூட்டாஞ்சோறு. ஒரு வாய் வைத்தேன். வெறும் புளிப்பு. என் நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது: இது என் சோறு. நான் சொல்லாமல் விட்டது இல்லாத என் சோறு.

"உங்க பக்குவம்தான் டீச்சர்" என்றார்கள் ஆசையாக. "உங்க ஊர்லேருந்து மாத்தலாகி வந்த கோமதியம்மா டீச்சர் எங்க பக்கத்து வீடு. அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மூணு வருசமா செய்தேன், ஒரு நாளும் எனக்குச் சரியா வரல. எங் கை அப்படி. இவுக வேற, டீச்சர் பேரைக் கெடுக்காதட்டின்னு கேலி பண்ணுதாக."

பக்கத்தில் அவர்கள் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வேன்? "நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று இரண்டாவது தடவையும் வாங்கித் தின்றேன். அதுதான் எனக்குத் தண்டனை.

திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, உன் பக்குவம்னு சொல்லுதாங்க, உன் சோறு மாதிரி இல்லையே?"

வெளியே பருத்திக்காடு நன்றாக இருக்கிறது என்றேன்.

9-2-83, புதன்

உலகம்மையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து ஒரு கேள்வி கேட்டாளே!

"எம்மா, அங்கன போயி நான் வத்தல் போடவா, வேண்டாமா? போட்டா, உங்க அம்மா எங்கிட்ட ஏன் சொல்லலன்னு அத்தை கேப்பாங்க. போடலன்னா ஆயுசு பூரா நான் புளிச்ச சோறு திங்கணும். நீயே சொல்லு."

வாயை மூடிட்டுப் போ என்று வைதுவிட்டேன். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? மாமியார் வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு நகை கொடுக்கலாம், பாத்திரம் கொடுக்கலாம். ஒரு பொய்யையுமா கொடுத்து அனுப்புவது?

20-3-83

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. வத்தல் விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2-4-83

ஆறுமுகத்தாய் மதினிக்குக் கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'அன்புள்ள மதினிக்கு, இங்கு அனைவரும் நலம். மாங்காய் வத்தல்...' அதற்கு மேல் ஓடவில்லை. கிழித்துப் போட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன், நான்!

16-4-83, சனி

காலை பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போனேன். பையில் ஒரு படி மாங்காய் வத்தல். இவரிடம் பந்தல்காரரைப் பார்க்க என்று சொன்னேன். (இன்னொரு பொய். ஆண்டவனே.)

மதினி தனியாக இருந்தார்கள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கொட்டிவிட்டேன். "மதினி, உங்க கையில ஒரு குறையும் இல்ல. நான்தான் மறைச்சேன். இதை அரைச்சுப் போடணும். யாருக்குமே சொன்னதில்ல."

ஒரு வத்தலை எடுத்து மோந்து பார்த்தார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. "மூணு வருசம் மதினி. ஒவ்வொரு தடவையும் எங் கையைத்தான் வைதேன்" என்றார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

"அழுதது போதும். உள்ள வாங்க. இனிமே வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன், செஞ்சு காட்டுங்க."

செய்தேன். நான் எடுக்கிற ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார்கள். உப்பு எடுத்தால்கூட, "கையை விரிங்க, பாப்போம்." கடைசியில் கரண்டியைப் பிடுங்கி அவர்களே கிண்டி இறக்கினார்கள்.

மதியம் அண்ணாச்சி வந்து சாப்பிட்டார். மூன்று தடவை வாங்கினார். "இன்னைக்குத்தாம்ட்டி டீச்சர் பக்குவம் வந்திருக்கு!"

"டீச்சர் பக்குவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எம் பக்குவம்" என்றார்கள் மதினி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

'என் பக்குவம்' என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "ஆமா அண்ணாச்சி, எல்லாம் மதினி செஞ்சதுதான்."

வாசல்வரை வந்தவர்கள், "உலகம்மைக்கு இது தெரியவேண்டாம், உங்களைப் பத்தி என்ன நினைப்பா" என்றார்கள். அவளுக்கு எப்போதோ தெரியும் என்றேன். "எம்மாடி, அவளும் கூட்டுதானா!" என்று ஆரம்பித்த சிரிப்பு பஸ் வருகிறவரை நிற்கவில்லை. என் கண்ணிலும் தண்ணீர். ஆனால் இது வேறு தண்ணீர்.

22-5-83

கல்யாணம் முடிந்தது. வீடு வெறிச்சென்றிருக்கிறது. அழமாட்டேன்.

25-7-83, திங்கள்

நேற்று ஊரில் ஆடித்தபசுத் திருவிழா. ஆடிக்கு வந்த உலகம்மை, மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார், இவருடைய தம்பி குடும்பம் என்று இருபத்திரண்டு பேர். ரத வீதியில் நிற்க இடமில்லை, என் வீட்டில் உட்கார இடமில்லை. சமையல் மதினிதான். என் அடுப்படியில் எனக்குக் காய் நறுக்குகிற வேலை!

"மதினி, இந்த வருசம் கூட்டாஞ்சோறு ஒருபடி மேல" என்றார் கொழுந்தனார், என்னிடமே. என் பக்குவத்தை என்னிடமே. வயிறு எரியாமல் இருக்குமா?

கொழுந்தனார் மனைவி பக்குவம் கேட்டாள். தெருவுக்கே கேட்கிற குரலில் மதினி ஒன்றுவிடாமல் சொன்னார்கள், மாங்காய் வத்தல் உட்பட. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "விட்டது ஏதும் உண்டா மதினி?"

"ஒண்ணும் விடல" என்றேன்.

உலகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் இன்னும் கொஞ்சம் என்று இலையைக் காட்டினார்கள்! எரிச்சல் எப்போது போனதென்றே தெரியவில்லை.

29-7-83, வெள்ளி

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மாடத்தி நோட்டும் பென்சிலுமாக வந்தாள். "டீச்சர், வாசுதேவநல்லூர் அம்மா ஒரு கூட்டாஞ்சோறு செஞ்சாங்களாமே, தெருவே பேசுது. அந்தப் பக்குவம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். உட்காரவைத்து, நோட்டை வாங்கி நானே எழுதினேன். மேலே 'வாசுதேவநல்லூர்க் கூட்டாஞ்சோறு' என்று போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது வரியிலேயே மாங்காய் வத்தல் வந்துவிட்டது.