அறிமுகவுரை நீண்டுவிட்டது, அக்கா

பக்கத்து ஃபிளாட் ஆர்னெட்டா அக்காவுக்கு, நீங்கள் இப்போது எந்த மேடையில் நின்றாலும்,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பின்னேரம், உங்கள் குரலை ஒருதரம் கேட்கவேண்டும் போல இருந்தது. பொங்கல் விழாவில் பதிவு செய்த கசெட்டை எடுத்துப் போட்டேன். கசெட் முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். சரி, எங்கேயாவது நீங்கள் வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனவன், செத்தவீட்டுக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், என் பகிடிக்கு நானே சிரித்துவிட்டேன். வாய்விட்டு, அக்கா.

குசினியிலிருந்து தவம் எட்டிப் பார்த்தாள். "ஆர் வந்திருக்கினம்?" என்றாள். ஒருவரும் வரவில்லை, நான் என்னோடுதான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று கட்டிய மனைவிக்கு எப்படிச் சொல்வது?

நாடாவின் கடைசியில் நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள். பியானோக் கட்டைகள் இரண்டு ஒலிக்கின்றன. பிறகு 'டக்'. நாடா முடிந்துவிட்டது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கதைத்ததெல்லாம் ஆங்கிலம் என்பது எனக்கும் தெரியும்; ஆனால் என் நினைவில் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறீர்கள். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நாங்கள் சிட்னியில் ஹோம்புஷுக்குக் குடிவந்த முதல் நாள், மாடிப்படியில் என் கையிலிருந்த பெட்டி நழுவப் பார்த்தது. நீங்கள் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தீர்கள். "கவனம், ஹனி!" என்றீர்கள். பின்னால் வந்த தவத்தின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அன்றிரவே தீர்ப்பு வந்தது. "அவ உங்களுக்கு அக்கா. விளங்குதோ? இனிமேல் அக்கா எண்டுதான் கூப்பிட வேணும்." அப்படித்தான் நீங்கள் எங்கள் குடும்பத்தில் சேர்ந்தீர்கள். 'ஹனி'யைத் தம்பி என்று மொழிபெயர்த்துக்கொண்டு நானும் உயிர் தப்பினேன்.

நீங்கள் ஒரு பாடகி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'சோல்' இசை பாடுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கீழே எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறையில், மெஷின் சுழன்று முடியும்வரை நீங்கள் சொல்லிய கதைதான் உங்கள் வாழ்க்கை வரலாறாக என்னிடம் இருக்கிறது. அலபாமாவில் அப்பாவின் சேர்ச்சில் பாடத் தொடங்கியது. டிட்ராயிட்டில் பகலில் லோன்றியில் உடுப்புத் தோய்க்கிற வேலை, இரவில் மற்றவர்களின் பாட்டுக்குப் பின்னால் நின்று 'ஊ ஊ' போடுகிற வேலை. பிறகு ஒரு பாட்டு உங்கள் பெயரில் வந்தது. "அந்தக் கோடை முழுக்க எந்தக் காரின்ரை கண்ணாடி திறந்திருந்தாலும் என்ரை குரல்தான் கேட்டது, தம்பி." அதே கோடையில்தான், ஊர் ஊராகப் போன பஸ்ஸில், கறுப்பினத்தவர் என்று முன்கதவால் உங்களை உள்ளே விடாத கடைகளில் பின்கதவால் சாப்பாடு வாங்கி மடியில் வைத்துச் சாப்பிட்டதும். இரண்டையும் ஒரே குரலில் சொன்னீர்கள். எனக்குத்தான் எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் அதே பாட்டை வேறு வேறு சொல்லுப் போட்டுப் பாடச் சொன்னார்கள். சனம் ஏமாறவில்லை. வியட்நாமிலிருந்து அமெரிக்கப் பெடியன்கள் லீவில் வந்திறங்கிய காலத்தில் நீங்கள் சிட்னிக்கு வந்தீர்கள். கிங்ஸ் குரோஸ் கிளப்புகளில் உங்களைக் கேட்டு அவர்கள் அழுதார்கள். பிறகு அவர்கள் வருவது நின்றது. மெல்பேர்னில் நிகழ்ச்சி ஒழுங்கு செய்துவிட்டு வருகிறேன் என்று போன உங்கள் மனேஜர் இன்னும் ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறார்.

மிஞ்சியது புறநகர் கிளப்புகள். அங்கே பாட்டின் நடுவில், ரிக்கெற் விற்று இறைச்சியைப் பரிசாகக் கொடுக்கிற இறைச்சிக் குலுக்கல் நடக்கும். "நான் கண்ணை மூடிக்கொண்டு 'லவ்' எண்டு இழுக்கிறன். அவன் மைக்கைப் பறிச்சு, 'ஆட்டுத்தொடை, பச்சை ரிக்கெற்!' எண்டு கத்திறான்." நான் அன்று உருண்டு உருண்டு சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். மெஷின் நின்றதும் ஈர உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"உங்கடை ஆக்கள் இருந்து கேப்பினமோ?"

"எங்கடை ஆக்களோ? ஒருத்தர் பாடினா மூண்டு மணித்தியாலம் அசையாமல் இருப்பினம், அக்கா."

"இறைச்சி குலுக்கமாட்டியளோ?"

"பொங்கலுக்கு நாங்கள் சைவம்."

அப்போதுதான் அந்தப் புதுப் பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். இத்தனை வருடமும் வேறு ஆட்கள் எழுதியதைப் பாடினீர்கள். இது மட்டும் உங்கள் சொந்தச் சொற்கள். கிளப்பில் பாடினால் பழையதைப் பாடு என்று கத்துவார்கள். யாராவது இருந்து கேட்கிற இடத்தில் ஒருமுறை, முதலிலிருந்து கடைசிவரை பாடவேண்டும். அவ்வளவுதான். என்ன பாட்டு என்று கேட்டேன். "மேடையில கேள்" என்றீர்கள்.

அந்தப் பொங்கல் விழா மேடையின் அறிவிப்பாளர் நான். என் கையில் மைக்கைக் கொடுப்பது ஆபத்து என்பது சிட்னியில் இருக்கிற ஐம்பது சொச்சம் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் கொடுப்பார்கள். பத்து நிமிடம் அறிமுகம், பிறகு மண்டபம் பூட்டும்வரை நீங்கள். அதுதான் ஒழுங்கு.

ஜனவரி வெயிலில், அந்தத் தகரக் கூரை ஸ்கவுட் மண்டபத்தில், வெள்ளிப் பொட்டு வைத்த நீளச் சட்டையோடு திரை ஓரத்தில் நின்றீர்கள். நான் தொடங்கினேன். அலபாமாவைச் சொன்னேன். அலபாமா எங்கே இருக்கிறது என்று சொன்னேன். நான் அங்கே போயிராததைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் அமெரிக்க ஜனாதிபதிக்கு முன்னால் பாடியதாக ஒரு போடு போட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செயலாளர் செல்லத்துரை முதல் துண்டுக் காகிதத்தை நீட்டினார். 'சுருக்கவும்.' எங்கள் கூட்டங்களில் பேச்சாளரை நிறுத்தத் துண்டு எழுதி அனுப்புவதுதான் வழக்கம். வாயால் சொன்னால் மரியாதைக் குறைவு. நான் அதைச் சபைக்கு உயர்த்திக் காட்டினேன். "செயலாளர் எனக்குக் காதல் கடிதம் எழுதியிருக்கிறார்" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு என்னை யார் நிறுத்துவது?

இரண்டாம் துண்டு வந்தபோது நான் உங்கள் பொய்முடிக்கு வந்திருந்தேன். அதைக் கழுவிப் பின்வளவுத் துணிக்கொடியில் காயப்போட்டதும், தவம் பூனை என்று நினைத்துப் பால் வைத்ததும். முழுச் சபையும் ஒரேயடியாகத் திரும்பி உங்கள் தலையைப் பார்த்துச் சிரித்தது. நீங்களும் அவர்களோடு சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே, மெதுவாக, ஒரு கையை உயர்த்தித் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

அதைக் கண்டேன். கண்டும் அடுத்த பகிடிக்குப் போனேன்.

நான் முடித்ததும் தலைவர் உங்களைக் கௌரவித்தார். பொன்னாடை, மாலை, மாலையோடு படம், மாலை இல்லாமல் படம். பாட வந்த மனிசியை நாங்கள் கௌரவித்தே களைக்க வைத்தோம். நீங்கள் பியானோவுக்கு முன்னால் இருந்தபோது, திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு, பூட்டுகிற நேரம் என்று மண்டபக் காவலாளி வாசலில் வந்து நின்றுவிட்டார். துண்டு எழுதுகிற அவசரத்தில் செல்லத்துரை கசெட்டைத் திருப்பிப் போட மறந்துபோனார்.

நீங்கள் பாடினீர்கள்.

முதல் அடிகள் எப்படிப் போயின என்று கேட்டால், என்னால் சொல்லமுடியவில்லை. பலூனுக்குச் சண்டைபிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பின்னால் சாப்பாட்டுத் தட்டங்களைத் திறந்துகொண்டிருந்தவர்கள் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். நான் சொன்னது பொய் இல்லை, அக்கா. எங்கள் ஆட்கள் இருந்து கேட்பார்கள். கேட்டார்கள்.

செல்லத்துரை மூன்றாம் துண்டைப் பியானோவின்மேல் வைத்தார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், இரண்டாம் சரணத்துக்குப் போனீர்கள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் அசையாமல் நின்றிருக்கலாம். காவலாளி என்ன செய்திருப்பார், கொஞ்சம் கத்தியிருப்பார். நான் போனது காவலாளிக்காக இல்லை. சபையில் ஒருவர்கூட என் பக்கம் பார்க்கவில்லை. நான் ஒருவன் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு மைக்குக்குப் போய், "மிக்க நன்றி, மிக்க நன்றி" என்றேன். ஆட்டுத்தொடை என்று கத்தியவனுக்காவது ஒரு ரிக்கெற் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

சனம் கைதட்டியது. நீங்கள் எழும்பிக் குனிந்து வணங்கினீர்கள்.

காரில் வரும்போது பொன்னாடையை மடியில் மடித்து வைத்திருந்தீர்கள். "என்னைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு நேரம் கதைச்சதில்லை" என்றீர்கள். கோபமா, குத்தலா, உண்மையா? இன்றுவரை புரட்டிப் பார்க்கிறேன்.

"எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சினமே, அது என்ன கதை?"

"அது... தலைவரைப் பற்றி, அக்கா."

"தலைவர் மற்றப் பக்கமெல்லே இருந்தவர்" என்றீர்கள். பின்சீற்றில் தவம் இருமினாள்.

பிறகு கைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தீர்கள். "இதிலை என்ன எழுதியிருக்கு?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மிக இனிமை, இன்னொருமுறை பாடவும் எண்டு எழுதியிருக்கு" என்றேன்.

"பார், பாட்டு முடியமுன்னமே கேட்டிருக்கினம்!" உங்கள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த முறை உங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது அந்தத் துண்டு கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்தது. ஒவ்வொரு நாளும் பொய்முடியைச் சரிசெய்கிற கண்ணாடி. 'நேரமில்லை. உடன் முடிக்கவும். - செயலாளர்.' மாரிக் குளிரில் உங்கள் இதயம் சரியில்லாமல் போய், தவம் தந்த ரசத்தைத் தூக்கிக்கொண்டு நான் வந்துபோன நாட்களில் அந்த எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் இழுத்து எடுக்கப் போனேன். கட்டிலிலிருந்து சத்தம் போட்டீர்கள். "அதிலை கை வையாதை! அதுதான் எனக்குக் கடைசியா வந்த ரசிகர் கடிதம்."

பாட்டைப் பதிவு செய்வோம் என்று நான்தான் சொன்னேன். வாற ஞாயிறு செல்லத்துரையின் ரெக்கோடரைக் கொண்டுவாறன் என்றேன். "ஓம், வா" என்றீர்கள். அந்த ஞாயிறு நாடக ஒத்திகை. அடுத்த ஞாயிறும் ஒத்திகை. நான் அரசன் வேடம், அக்கா. அரசன் இல்லாமல் ஒத்திகை நடக்காது என்று தவத்திடம் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் ஆஸ்பத்திரியில்.

இங்கே செய்திகள் இவ்வளவுதான். சவப்பெட்டியில் உங்களுக்குத் தலை வாரிவிட்டது தவம்தான். பொய்முடியை முதல்நாளே கழுவிக் காயவைத்து, கொடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தாள். உங்கள் ஃபிளாட்டுக்கு மலேசியாவிலிருந்து இரண்டு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். சத்தமே இல்லாத பிள்ளைகள், அதுதான் பெரிய தொல்லை. துண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். தவம் அரிசி கழுவும்போது ஒரு மெட்டை முணுமுணுக்கிறாள். அந்தப் புதுப் பாட்டை நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பாடிப் பார்த்தபோது பிடித்துக்கொண்டதாம். சொற்கள் தெரியாது. ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறாள். "இதுக்குப் பிறகு என்னப்பா?" என்று என்னைக் கேட்கிறாள்.

என்னைக் கேட்கிறாள்.

வாற ஞாயிறு அதே மண்டபத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். செல்லத்துரை என்னைப் பேசக் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டேன், அவர் இரண்டுதரம் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். எல்லோரும் எழுந்து நிற்க, உங்கள் பழைய சின்ன இசைத்தட்டைப் போடுவோம். மூன்று நிமிடப் பாட்டு. பிறகு தவம் தனக்குத் தெரிந்த மட்டுக்கும் அந்த மெட்டைப் பாடுவாள். நான் பின்வரிசைக் கதிரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். சத்தியமாக, அக்கா. என்னை யாரும் பார்க்காவிட்டாலும் இருப்பேன்.

இப்படிக்கு,
தவத்தின் உத்தரவுப்படி உங்களுக்குத் தம்பியான
பரமநாதன்

பி.கு.: கூட்டத்தின் தொடக்கத்தில் இந்தக் கடிதத்தை மட்டும் வாசிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசித்தேன். இடையிடையே சில விளக்கங்களும் சொல்லவேண்டியிருந்தது. பலர் கண்கலங்கினார்கள். மண்டபத்தைப் பூட்டுகிற நேரம் வந்துவிட்டதால் இசைத்தட்டைப் போட முடியவில்லை.