குள்ளப் பச்சோந்தியும் இரண்டு வருடமும்

12 நவம்பர் 1994, சனி. பிளேஸ்டோ, லண்டன்

நான் வீட்டில் வளர்த்து விற்கும் குள்ளப் பச்சோந்தி ஒன்றை வாங்க, பக்கத்து ஊரான பார்க்கிங்கிலிருந்து (Barking) ஓர் அம்மா வந்தார். தனியே இருக்கிறாராம். வீட்டில் உயிருள்ள ஏதாவது வேண்டுமாம். யார் வந்தாலும் குறைகளைத்தான் முதலில் சொல்வேன்.

“கையில தூக்க ஏலாதம்மா, பயந்திடும். ஒவ்வொரு நாளும் தண்ணி தெளிக்கவேணும். எவ்வளவு நல்லாப் பார்த்தாலும் ரெண்டு வருசந்தான் இருக்கும்.”

“ரெண்டு வருசம் காணும் தம்பி. அதுக்குள்ள கொழும்பில இருந்து மகன் வந்திடுவான். விசாவுக்குப் போட்டிருக்கு.”

கொடுத்துவிட்டேன். வளர்க்கும் முறையைத் தமிழில் எழுதியும் கொடுத்தேன்.

கலியாணம் முடித்த கையோடு, ஊரில் இருக்கும் மனைவி மலருக்கு விசாவுக்குப் போட்டேன். அவள் வரும்வரை துணைக்கென்றுதான் நானும் முதற் சோடியை வாங்கினேன். இன்று அந்த அம்மா கொண்டுபோனது அவற்றின் பேரக்குஞ்சு.

மலர் இன்னும் வரவில்லை; அந்தக் குறையை மட்டும் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.