வேலை வேண்டாதவள்

பாபநாசம்,
வியாழக்கிழமை

அன்புள்ள கலைமகளுக்கு,

ஃபஹ்மிதா எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்க இறைவன் துணை செய்யட்டும்.

இங்கே அனைவரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அத்தா வழக்கம்போலக் காலையிலேயே கடைக்குப் போய்விடுகிறார். இந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவைத் தாண்டினால் குறுவை பச்சைதான்.

ஏன் பேச மாட்டேன் என்கிறாய், என் மேல் என்ன கோபம் என்று நீ திரும்பத் திரும்ப அனுப்பிய செய்திகளை எல்லாம் பார்த்தேன். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ உடனே சமாதானம் சொல்லிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

தஞ்சாவூரில் உங்கள் ஆய்வறிக்கையை வெளியிட்ட கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன், கலை.

உன்னிடம் சொல்லாமல்தான் வந்தேன். நீ மேடையில் பேசுவதைக் கேட்டுவிட்டு, முடிந்ததும் பின்னால் வந்து உன் கண்ணைப் பொத்த வேண்டும் என்று ஆசை. பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி மாமியின் மகள் ஷமாவையும் அழைத்து வந்தேன். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளே, அவள்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

தை மாதம் நீ எங்கள் வீட்டில் தங்கிக் கணக்கெடுத்தது நினைவிருக்கும். நாகப்பட்டினம், திருவிடைமருதூர், பாபநாசம், திருச்சி, சென்னை என்று ஊருக்கு ஊர் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று ஒப்பிடப்போகிறோம் என்றாய். சின்ன ஊர்களில் எங்கே நிலைமை மோசமோ, அங்கே ஒரு அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சியும் வேலையும் தரும் மையம் திறக்கும் என்றாய். முதல் நாள் யாரும் உனக்குக் கதவைத் திறக்கவில்லை. என்ன கணக்கோ, எதற்கு எடுக்கிறார்களோ என்று அவர்களுக்குப் பயம். மறுநாள் நான் கூட வந்தேன். நம்ம கலைதான், தைரியமாகச் சொல்லுங்க என்று வீட்டுக்கு வீடு நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு உனக்கு டீ கொடுக்காத வீடு உண்டா?

போன மாதம் வேலை தேடினீர்களா என்று நீ கேட்டபோது பாதிப் பெண்கள் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்னால் வேலையில்லாதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்று நீதான் எனக்கு விளக்கினாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேடினேன் என்று சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கூடாது, உண்மையைத்தான் சொல்ல வேண்டும், தேடித் தேடி மனம் விட்டுப்போனவர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதுவேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். உன் பேச்சை நம்பித்தான் என் முறை வந்தபோது நானும் இல்லை என்றேன்.

ஏன் இல்லை என்பதையும் உனக்குச் சொன்னேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். எம்.எஸ்சி. மதிப்பெண்ணை வாங்கிப் பார்க்காமலே, கல்யாணம் எப்போது, கல்யாணமானால் நின்றுவிடுவாய்தானே என்று ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டதைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் வெறுங்கையோடு திரும்பும்போது அத்தா ஒன்றும் கேட்காமல் கடையில் சாமான்களை எடுத்து எடுத்து அடுக்குவார். அதைப் பார்க்க முடியாமல்தான் விண்ணப்பம் போடுவதையே நிறுத்தினேன் என்றேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

தஞ்சாவூர் கூட்டத்தில் திரையில் படம் போட்டுக் காட்டினாய். வேலையில்லாதவர்கள் கணக்கில் எல்லா ஊருக்கும் கீழே எங்கள் ஊர். நீ சொன்ன தனிப் பகுதி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, இத்தனை பெண்பிள்ளைகள் படித்த ஊரில் வேலையில்லாதவர்கள் எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. இதோ சொல்லப்போகிறாய் என்று ஷமாவின் கையை அழுத்தினேன்.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அங்கே பெண்கள் வேலை தேடுவதில்லை சார், என் கல்லூரித் தோழியே அந்த ஊர்தான், எம்.எஸ்சி. படித்தவள், வேலைக்குப் போகும் எண்ணமே அவளுக்கு இல்லை, வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றாய். பெரியவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டியது. ஷமா மெதுவாக, அக்கா, உங்களுக்கு நிஜமாகவே வேலை வேண்டாமா என்று கேட்டாள். கூடவே இருக்கும் பெண்ணுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது, கலை.

மையம் வேறு ஊருக்குப் போய்விட்டது. போகட்டும், அங்கேயும் பெண்கள்தானே. ஷமா இப்போது சென்னையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறாள். உன்னை நம்பித்தானே பேசினோம் என்று ரஹ்மத் பீவி மாமி என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார். எதிர்வீட்டு செந்தாமரை அக்கா மட்டும், நீ நல்லா இருக்கேன்னுதானே சொல்லியிருக்கா, அதுக்கு ஏன்டி அழுறே என்றார். அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

உன் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை என்று எனக்குத் தெரியும். நீ எழுதிய பகுதியை மேலே இருப்பவர்கள் நீக்கியிருக்கலாம். அப்படி இருந்தால் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். ஆனால் அந்தப் பதிலை உனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. மாடியில் நான் அழுததைப் பார்த்த நீ, என்னையே உதாரணமாக எடுத்துச் சொன்னாயே.

அறக்கட்டளைக்கு நடந்ததை எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. விண்ணப்பங்களும் மறுபடி அனுப்பத் தொடங்கிவிட்டேன். நம்பிக்கை வந்து அல்ல, கோபத்தில்.

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது. அம்மா சந்தோஷத்தில் அப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார். அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் கும்பகோணத்துக்கு வருவோம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அங்கே யாராவது என்னைக் காட்டி, இவர் என்ன செய்கிறார் என்று உன்னைக் கேட்பார்கள். நீ பதில் சொல்ல வேண்டாம், கலை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்பு மாறாத,
ஃபஹ்மிதா