நாலாம் மாதத்துப் பல்வலி

ஹோ நகரம்,
வெள்ளிக்கிழமை காலை

என் அன்புள்ள செலோர்ம் அவர்களுக்கு,

கடவுள் தயவில் நானும் அத்தையும் இங்கே நலம். அங்கே நீங்களும் உங்கள் பள்ளிப் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் சிக்னலுக்காக மாமரத்தடிக்குப் போய், ஸ்பீக்கரைப் போட்டுக் கத்திப் பேசுகிறவர். நம் வீட்டுச் சேதி எல்லா வாத்தியார்களுக்கும் அத்துப்படி. இந்தச் சேதி அவர்களுக்கு வேண்டாம். அதனால் வடக்கே போகும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் முழுகாமல் இருக்கிறேன். இது நாலாம் மாதம்.

கோபப்படாதீர்கள். பட்டாலும் பாதிக் கடிதத்துக்கு மேல் படாதீர்கள். முதல் தடவை இரண்டாம் மாதமே ஊரைக் கூட்டிச் சொன்னோம், தேவாலயத்தில் ஜெபம்கூடச் செய்தார்கள், தங்கவில்லை. இரண்டாம் தடவை உங்களிடம் மட்டும் சொன்னேன், அதுவும் தங்கவில்லை. வயிறு தானாகச் சொல்லும் வரைக்கும் வாய் சொல்லக் கூடாது என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதைப் பிடித்துக்கொண்டு இந்தத் தடவை உங்களிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் என் சட்டைத் தையலை நானே இரண்டு முறை பிரித்து விட்டுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்கு இது கூடவா முடியாது?

மாட்டிக்கொண்டது பல்லால். எனக்கு இந்தத் தடவை மசக்கை முழுவதும் வெள்ளைக் களிமண்ணில்தான். சந்தையில் யாவா அக்காவிடம் வாங்கி, கடைக்கு மட்டும் கொண்டுபோய், தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கடிப்பேன். ஒரு கட்டிக்குள் சின்னக் கல் இருந்திருக்கிறது. ஏற்கெனவே சொத்தையாக இருந்த கடைவாய்ப்பல் பாதியாக உடைந்தது. வீட்டுக்கு வந்து, நண்டு ஓட்டைக் கடித்தேன் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல நண்டு சமைச்சு மூணு வாரமாச்சே. எந்த வீட்டு நண்டுடி அது?" என்று கேட்டார். 

நாலு நாளில் கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் வந்துவிட்டது. காய்ச்சலும் வந்தது. மருந்துக் கடையில் அத்தை கலர் மாத்திரை வாங்கி வந்தார். எனக்கு அதை விழுங்கப் பயம். தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, போட்டாயிற்று என்று சொன்னேன். பல்லைப் பிடுங்கினால் பிள்ளை போய்விடும் என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். பிள்ளைக்காக எந்த வலியையும் தாங்கலாம் என்று நினைத்துப் பல்லைக் கடிக்கக்கூட முடியாமல் கிடந்தேன்.

அத்தை விடுவாரா? என்னை இழுத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "கர்ப்பமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "இல்லம்மா. ஒரே சட்டியில சாப்பிடுறோம், இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றார். நர்ஸ் 'இல்லை' என்று எழுதிவிட்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

உள்ளே டாக்டர் எஸினம். என்னைவிடச் சின்னப் பெண். அந்த அறைக்குக் கதவு இல்லை, திரைதான். அத்தையும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தார். என்ன மருந்து போட்டேன் என்று கேட்டு, நான் கைப்பையில் எடுத்து வந்திருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, "இதுல ஒண்ணுகூடக் கொறையலயே. இவ்வளவு வீக்கத்தோட எதுக்கும்மா போடாம இருந்தீங்க?" என்று கேட்டார். அவர் ஊசியைக் கையில் எடுத்ததும் என் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. "நாலு மாசம் டாக்டர்" என்றேன். திரைக்கு வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோனது.

அத்தை எழுந்து என் தோளைப் பிடித்து, "வாடி வீட்டுக்கு. டாக்டர், ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டோம்" என்றார். நானும் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது நாங்கள் வீடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

டாக்டர் அத்தையின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, பல்லைப் பிடுங்குறதுல புள்ளைக்கு ஆபத்து இல்ல. இந்தச் சீழோட, காய்ச்சலோட இவங்க வீட்ல கெடந்தா அதுலதான் ஆபத்து. இந்த ஊசி தாடையை மட்டும் மரத்துப்போக வைக்கும், கர்ப்பிணிகளுக்கும் போடுறதுதான். நாலாம் மாசம் இதுக்கு நல்ல நேரம். ஆனா இவங்க சொல்லாம இருந்திருந்தா நான் தப்பான மருந்து எழுதியிருப்பேன்" என்றார். அந்தக் கலர் மாத்திரையைக் குப்பையில் போட்டார். அது வயிற்றுப் பிள்ளையின் பல்லைக் கறையாக்குமாம். எனக்கு ஏற்ற வேறு மருந்து எழுதினார். கடையில் கண்ட வலி மாத்திரையை வாங்கக் கூடாது என்றும் சொன்னார். நர்ஸ் வந்து 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினார். அத்தை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "அப்ப நான் இவ கையைப் பிடிச்சுக்கறேன்" என்றார்.

பல்லை எக்ஸ்ரே படம் எடுக்க என் மேல் கனமான அங்கி ஒன்றைப் போர்த்தினார்கள். ஓரத் தையல் படுமோசம், வெளியில் சொல்லவில்லை. பல் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. எனக்கு வலிக்கவில்லை. அத்தை பிடித்த பிடியில் கைதான் வலித்தது.

வெளியே வந்ததும் அத்தை பெஞ்சைப் பார்த்து, "எம் மருமகளுக்குப் பல்வலி. யாரும் வேற ஒண்ணும் கேக்கல, சரியா?" என்றார். கன்னம் வீங்கிய ஒரு அம்மா வலியோடு சிரித்து, "எங்களுக்குக் காதும் வலிக்குது, எதுவும் கேக்கல" என்றார்.

அத்தை வீட்டுக்கு விடவில்லை. நேராகப் பிரசவப் பகுதிக்குக் கூட்டிப்போய், இப்போதே பார்த்துச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தார். மருத்துவச்சி என் வயிற்றில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டது, செலோர்ம். பண்டிகைக்கு முந்தின நாள் என் மெஷின் ஓடுமே, அந்த வேகம். முந்தைய இரண்டு தடவையும் இதைக் கேட்கும் வரைக்கும் நான் போனதே இல்லை. மரத்த வாயோடு அழுதேன், சிரித்தேன், எச்சில் ஒழுகியது.

அத்தை என் வாயைத் துடைத்துவிட்டு, "நீ ஒவ்வொரு தடவை அழுததையும் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டவடி நான். என்கிட்ட மறைக்காத" என்று சொன்னார். இத்தனை வருடம் அவருக்குக் கேட்காது என்று நினைத்திருந்தேன். இப்போது வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தினமும் வெண்டைக்காய்க் குழம்பை ஆறவைத்து அவரே ஊட்டுகிறார். களிமண்ணுக்குத் தடை. யாவா அக்காவிடமே போய்ச் சொல்லிவிட்டார், பாவம் அவர் வியாபாரம்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போன இரண்டு தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் உங்களுக்கு லீவு கிடைத்தது. இந்தத் தடவை முன்னாலேயே கேளுங்கள். காரணம் கேட்டால் மனைவிக்குப் பல்வலி என்று எழுதுங்கள். அழுவதைத் தனியாக அழுது பழகிவிட்டேன். தனியாகச் சந்தோஷப்பட மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

உங்களை வழியெல்லாம் கடவுள் காக்கட்டும்.

உங்கள் வரவை எண்ணி இருக்கும்,
அகோர்ஃபா